கிராஃபிக்ஸ் கார்டில் கருகல் வாசமா? ப்ளோயரை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்!

கல்யாண வீடியோ ரெண்டர் ஆகிக்கொண்டிருக்கிறது. 60 சதவீதம் தாண்டியாச்சு. நாளைக்குக் காலையில் பார்ட்டிக்கு பென் டிரைவ் கொடுக்கணும். திடீரென்று சிபியு ஃபேன் சத்தம் மோட்டார் மாதிரி ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் அறைக்குள் ஒரு வாசம். பிளாஸ்டிக் கருகுற மாதிரி.

"தூசா இருக்கும்ணே, ஒரு ப்ளோயர் அடிச்சா சரியாயிடும்."

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் என எந்த ஊர் ஸ்டுடியோவில் கேட்டாலும் முதலில் வரும் பதில் இதுதான். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். சரியாக இல்லாத சமயத்தில்தான் கார்டோடு சேர்ந்து கம்ப்யூட்டரும், சில நேரம் அறையும் போய்விடுகிறது.

இப்போது இது ஏன் பேச வேண்டிய விஷயம்? 2025-ன் கடைசி மாதங்களிலிருந்து மெமரி சிப் விலை உலகம் முழுக்க எகிறியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே சிப் கம்பெனிகள் முன்னுரிமை கொடுக்கின்றன. 'க்ரூஷியல்' என்ற பெயரில் நம்ம ஊர் கடை வரைக்கும் ரேம் விற்ற மைக்ரான் நிறுவனம், அந்த நுகர்வோர் வியாபாரத்தையே விட்டு வெளியேறுவதாக 2025 டிசம்பர் 3-ம் தேதி அறிவித்தது. கிராஃபிக்ஸ் கார்டுக்குள்ளும் மெமரி சிப்தான் இருக்கிறது. ஆக, 'பழசைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்கலாம்' என்பது இப்போது அவ்வளவு லேசான முடிவு இல்லை. இருக்கிற கார்டைக் காப்பாற்றத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். காப்பாற்றும் அவசரத்தில் செய்கிற தவறுகள்தான் ஆபத்து.

முதலில் யுபிஎஸ்

வாசம் வந்ததும் ஷட் டவுன் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பவர் பட்டனை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். ரெண்டர் போனால் போகட்டும், திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து பலரும் செய்வது சுவரில் இருக்கும் சுவிட்சை அணைப்பது. அது போதாது. நம்ம ஊரில் கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில் எல்லாம் ஒரு யுபிஎஸ் இருக்கும். சுவர் சுவிட்சை அணைத்தால் அது கரண்ட் கட் என்று நினைத்துக்கொண்டு பேட்டரியிலிருந்து சப்ளை கொடுக்க ஆரம்பித்துவிடும். கருகிக்கொண்டிருக்கும் பாகத்துக்குத் தொடர்ந்து மின்சாரம் போகும். அதனால் யுபிஎஸ்ஸையும் ஆஃப் செய்து, சிபியுவின் பவர் ஒயரை யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள்.

புகையோ தீயோ தெரிந்தால் கதை வேறு. தண்ணீர் ஊற்றக் கூடாது. மெயினை இறக்குங்கள். ஏபிசி பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருந்தால் அடிக்கலாம். இல்லையென்றால் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு 101 அல்லது 112-க்குப் போன் போடுங்கள்.

இதில் பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. 'ஃபைல் உள்ளே இருக்கு, ஒரே ஒரு தடவை ஆன் பண்ணி காப்பி எடுத்துக்கிறேன்' என்பது. வேண்டவே வேண்டாம். ஃபைல் இருப்பது ஹார்டு டிஸ்க்கிலோ எஸ்எஸ்டியிலோதான், கிராஃபிக்ஸ் கார்டில் இல்லை. டிஸ்க்கை மட்டும் கழற்றி, யுஎஸ்பி கேபிள் அல்லது டாக் மூலமாக வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் காப்பி ஆகிவிடும். கருகல் வாசம் அடிக்கிற மெஷினை ஆன் செய்ய வேண்டிய தேவையே இல்லை.

மூக்கு என்ன சொல்கிறது?

வாசத்தில் வகை இருக்கிறது. ரொம்ப நாள் ஓடாத மெஷினை ஆன் செய்தால், பழைய அயர்ன் பாக்ஸ் சூடாகும்போது வருகிற மாதிரி லேசான தூசு வாசம் வரும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இது சூடான பாகத்தில் படிந்த தூசு காய்கிற வாசம். மெஷினை அணைத்து சுத்தம் செய்தால் சரியாக வாய்ப்பு இருக்கிறது.

பிளாஸ்டிக், ரப்பர் கருகுகிற காரமான நெடி என்றால் ஒயரோ கனெக்டரோ உருகுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அழுகிய மீன் மாதிரி நாற்றம் வந்தாலும் மின்சாதனத்தின் பிளாஸ்டிக் பாகம் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கலாம். பக்கத்தில் மீன் குழம்பு வைக்கவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அழுகிய முட்டை நாற்றமாக இருந்தால் கார்டை விட்டுவிட்டு யுபிஎஸ்ஸைப் பாருங்கள். உள்ளே இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி ஓவர் சார்ஜ் ஆனால் அப்படித்தான் வரும். ஜன்னலைத் திறந்துவிட்டு, பேட்டரி உப்பியிருந்தால் தொடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே நல்லது.

ஒயரைக் கழற்றி கால் மணி நேரம் ஆறவிட்ட பிறகு சைடு பேனலைத் திறந்து மோப்பம் பிடித்துப் பாருங்கள். கார்டு பக்கமா, எஸ்எம்பிஎஸ் டப்பா பக்கமா? எஸ்எம்பிஎஸ் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட், அந்த டப்பாவுக்குள் 300 வோல்ட்டுக்கும் மேல் டிசியாக மாறி கெபாசிட்டரில் தேங்கி நிற்கும். பிளக்கை பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே போகிற இடம் அது இல்லை.

கார்டு பக்கம் என்றால் டார்ச் அடித்துப் பாருங்கள். பவர் கனெக்டர் பழுப்பாகவோ உருகியோ இருக்கிறதா? பின் கறுத்திருக்கிறதா? போர்டில் காப்பி சிந்தின மாதிரி கருகல் கறை இருக்கிறதா? கெபாசிட்டர் உப்பியிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் சுத்தம் செய்வதால் பிரயோஜனம் இல்லை. தூசைத் துடைத்து மறுபடி ஆன் செய்தால் மிச்சம் இருப்பதும் போகும்.

உலகத்தையே பேச வைத்த கருகல்

கருகல் வாசத்துக்கு எப்போதும் தூசு காரணம் இல்லை என்பதற்குப் பெரிய உதாரணம் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090. 2022 அக்டோபர் 12-ம் தேதி விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் ஆரம்ப விலையே 1,55,000 ரூபாய். வந்து இரண்டு வாரத்துக்குள் பவர் கனெக்டர் உருகிய படங்கள் ரெடிட்டில் வர ஆரம்பித்தன. எல்லாம் புத்தம் புது கார்டுகள். தூசு படியவே நேரமில்லை.

அந்தக் கார்டில் இருந்தது 16 பின் கொண்ட புது வகை கனெக்டர். அதிகபட்சம் 600 வாட்ஸ் வரை தாங்கும் என்று வடிவமைக்கப்பட்டது. 600 வாட்ஸை 12 வோல்ட்டால் வகுத்தால் 50 ஆம்பியர். வீட்டில் ஏசிக்குப் போடும் பெரிய பிளக்கே 16 ஆம்பியர்தான். அதைப் போல மூன்று மடங்குக்கு மேல், சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக் துண்டுக்குள் ஆறு பின் வழியாகப் போகிறது. சமமாகப் பிரிந்தால் பின்னுக்கு 8 ஆம்பியர் சொச்சம். பிளக் சரியாக உட்காராமல் ஒன்றிரண்டு பின் தொடர்பு விட்டுப்போனால், அதன் சுமையும் மற்ற பின்கள் தலையில் விழும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். பிளாஸ்டிக் உருகுவது இப்படித்தான்.

உலகம் முழுக்க சுமார் 50 புகார்கள் வந்திருப்பதாகவும், கனெக்டரை முழுசாக அழுத்தி மாட்டாததே பொதுவான காரணமாகத் தெரிவதாகவும் 2022 நவம்பரில் என்விடியா சொன்னது. 'வாங்கினவர் மேலேயே பழியா' என்று அப்போது பலர் கொதித்தார்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது. கொஞ்சம் லூஸாக மாட்டினாலே உருகும் கனெக்டர் என்றால் அது டிசைன் குறையும்தானே? அடுத்த ஆண்டே, சரியாக மாட்டாவிட்டால் கார்டு பவர் எடுக்காத மாதிரி சின்னப் பின்களின் நீளத்தைக் குறைத்து அந்தக் கனெக்டரைத் திருத்தினார்கள்.

அதோடும் முடியவில்லை. இந்தக் கார்டுகளுக்காக 'கேபிள்மாட்' நிறுவனம் விற்ற வளைந்த அடாப்டர் சுமார் 25,300-ஐ 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள். லூஸானது, சூடானது, உருகியது என 272 புகார்கள். 2025 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090-லும் ஒரு மாதத்துக்குள் அதே மாதிரி படங்கள். ஜெர்மனியின் ஹார்டுவேர் யூடியூபர் ரோமன் ஹார்ட்டுங் தன் மெஷினில் அளந்து பார்த்தபோது, ஒரே ஒயரில் 20 ஆம்பியருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. எஸ்எம்பிஎஸ் பக்கக் கனெக்டர் சூடு 150 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது.

'எங்க ஊர்ல எவன் 5090 வெச்சிருக்கான்' என்று கேட்கலாம். சரிதான். ஆனால் நம்ம ஊர் ஸ்டுடியோக்களிலும் ஃப்ளெக்ஸ் டிசைனிங் கடைகளிலும் வேறொரு வடிவத்தில் அதே பிரச்சினை இருக்கிறது. கார்டுக்கு 6 பின் கனெக்டர் தேவை, எஸ்எம்பிஎஸ்ஸில் அது இல்லை. ஹார்டு டிஸ்க்குக்கு வரும் சாட்டா ஒயரிலிருந்து அடாப்டர் போட்டு ஓட்டுவார்கள். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் லைன் தாங்குவது 54 வாட்ஸ். 6 பின் கேட்பது 75 வாட்ஸ் வரை. 8 பின் என்றால் 150. கணக்கு இடிக்கிறதா? அங்கேதான் கருகும்.

டப்பா மேல் '500 வாட்ஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நம்பிவிடாதீர்கள். அதே ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஆல் பெருக்குங்கள், 216 வாட்ஸ். கார்டும் பிராசஸரும் சேர்ந்து சாப்பிடப் போவது அந்த 216-லிருந்துதான்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கியவர்களுக்கு இன்னொரு விஷயம். 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் கிரிப்டோ, கார்டு வைத்து மைனிங் செய்யும் முறையைக் கைவிட்டது. அதுவரை ராத்திரி பகலாக ஓடிய கார்டுகள் பழைய மார்க்கெட்டுக்கு வந்தன. மைனிங்கில் ஓடியதாலேயே ஒரு கார்டு மோசம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதன் ஃபேனும், தெர்மல் பேஸ்ட்டும், கனெக்டரும் வயசுக்கு மீறித் தேய்ந்திருக்கும்.

நம்ம ஊர் தூசு வேற மாதிரி

வெளிநாட்டு வீடியோக்களில் கார்டிலிருந்து பஞ்சு மாதிரி தூசு பறக்கும். கார்ப்பெட், நாய் முடி. இங்கே அப்படி இல்லை. அறுவடை காலத்தில் ரோட்டிலேயே மக்காச்சோளம் காயும், நெல் தூற்றுவார்கள். கரும்பு வெட்டியபின் சோகைக்குத் தீ வைத்தால் கறுப்புச் சாம்பல் காற்றில் மிதந்து மாடி வரை வரும். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் என இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உள்ள மாவட்டம் இது. 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய கள்ளக்குறிச்சி மரச்சிற்பத் தொழில் நடக்கும் பட்டறைகளுக்குப் பக்கத்தில் இருந்தால் நைசான மரத்தூளும் சேரும்.

இதோடு கொசுவத்திச் சுருள், சாம்பிராணி, அடுப்புப் புகை. புகையில் இருக்கும் பிசுக்கு தூசைப் பசை போட்ட மாதிரி ஒட்டவைக்கும். கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் என்றால் பனியும் ஈரமும் கூடச் சேரும். காய்ந்த தூசு காற்றை அடைக்கும், அவ்வளவுதான். ஈரத்தோடு சேர்ந்த சாம்பல் தூசு மின்சாரத்தையே கடத்தக்கூடும். எறும்பு, பல்லி கேபினட்டுக்குள் போய் ஷார்ட் ஆவதும் சாதாரணமாக நடப்பதுதான்.

தூசு அடைத்தால் என்ன ஆகும்? ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே காற்று போகாது. ஃபேன் முழு வேகத்தில் கத்தும். சிப் 90 டிகிரியை நெருங்கினால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதாவது சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் உருகும் கனெக்டரைக் காப்பாற்ற பெரும்பாலான கார்டுகளில் ஏற்பாடு இல்லை. அதனால்தான் தூசு என்றால் 'மெஷின் ஸ்லோ' என்றும், கருகல் என்றால் வேறு ஏதோ என்றும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, சுத்தம் செய்வது எப்படி?

உருகல், கறை எதுவும் இல்லை, வெறும் தூசுதான் என்று உறுதியானால் மேற்கொண்டு போகலாம்.

ஆங்கில வீடியோக்களைப் பார்த்துச் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'பிளக்கை மாட்டியே வையுங்கள், சுவிட்சை மட்டும் அணையுங்கள், அப்போதுதான் எர்த் கிடைக்கும்' என்று அதில் சிலர் சொல்வார்கள். அது எர்த் ஒழுங்காக இருக்கும் வீட்டுக்குப் பொருந்தும். கேபினட்டைத் தொட்டாலே சுர்ரென்று இழுக்கிற அனுபவம் இங்கே எத்தனை பேருக்கு இருக்கிறது! பிளக்கில் மூன்றாவது பின் இருக்கும், சுவருக்குப் பின்னால் எர்த் ஒயர் இருக்காது. அதுதான் அந்த சுர்ர். இப்படிப்பட்ட இடத்தில் பிளக்கை மாட்டி வைப்பது ஆபத்து. முழுசாகப் பிடுங்கிவிடுங்கள். பிடுங்கியபின் பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்சக் கரண்டை இறக்கிவிட்டு, கேபினட்டின் பெயின்ட் அடிக்காத இரும்பைத் தொட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.

ஒயர்கள் எங்கெங்கே போகின்றன என்று செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கார்டின் பவர் கேபிளை ஒயரைப் பிடித்து இழுக்காமல், கிளிப்பை அழுத்திக் கழற்றுங்கள். பின்பக்க ஸ்க்ரூ, பிறகு மதர்போர்டு ஸ்லாட்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன லாக். அதைத் தள்ளாமல் இழுத்தால் ஸ்லாட்டே பெயர்ந்துவிடும். கார்டை ஓரத்தில் பிடியுங்கள், தங்க நிறப் பற்களைத் தொடாதீர்கள். மெத்தையிலோ கம்பளியிலோ வைக்க வேண்டாம், மரப்பலகையோ அட்டையோ போதும்.

திண்ணைக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டு போய், மாஸ்க் போட்டுக்கொண்டு, புதுசாக வாங்கிய மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தூசைத் தளர்த்துங்கள். பிறகு ப்ளோயர். இங்கேதான் முக்கியமான விஷயம்: ஃபேன் இறக்கையை விரலாலோ ஐஸ்கிரீம் குச்சியாலோ சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று வேகத்தில் ஃபேன் பம்பரமாகச் சுற்றுவதைப் பார்க்க ஜோராக இருக்கும். அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் போகும், மோட்டாரே ஜெனரேட்டர் மாதிரி கார்டுக்குள் மின்சாரத்தைத் தள்ளவும் செய்யும். தூரத்தில் வைத்து விட்டு விட்டு அடியுங்கள்.

பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் வேண்டாம். அதில் தண்ணீரும் ஆயிலும் சேர்ந்தே வரும். வேக்குவம் கிளீனரும் வேண்டாம், ஸ்டாட்டிக் உண்டாகும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் இவை எல்லாம் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், தீயும் பிடிக்கும். பிசுக்கு விடவில்லை என்றால் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அந்த இடத்தை மட்டும் துடைக்கலாம். சானிடைசர் அதற்கு மாற்று இல்லை. அதில் தண்ணீரும் ஜெல்லும் இருக்கிறது. ஆல்கஹாலும் தீப்பிடிக்கும் சரக்குதான் என்பதால் பக்கத்தில் விளக்கு, பீடி, கொசுவத்தி எதுவும் கூடாது. ஃபேன் சத்தம் போடுகிறது என்று தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் ஆயிலோ விடுவது இன்னும் நடக்கிறது. சத்தம் இரண்டு வாரம் அடங்கும், அப்புறம் தூசு மொத்தமும் அதிலேயே வந்து ஒட்டும்.

ஆயுத பூஜைக்கு மட்டும் கம்ப்யூட்டரைத் துடைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு சின்னக் கோரிக்கை. சந்தனம், குங்குமம் வைப்பது கேபினட்டின் மூடிய பக்கத்தில் இருக்கட்டும். காற்று போகும் ஓட்டையில் வேண்டாம். கற்பூரம் காட்டும்போது மெஷின் ஆஃபில் இருந்தால் நல்லது.

ஹீட் சிங்க்கைக் கழற்றி தெர்மல் பேஸ்ட் மாற்றுவது தனி வேலை. வாரன்ட்டி இருந்தால் அந்த ஸ்க்ரூவில் கை வைக்கவே வேண்டாம்.

திரும்ப மாட்டும்போது

ஆல்கஹால் தொட்டிருந்தால் குறைந்தது அரை மணி நேரம் காயட்டும். மலைப் பனியில் வைத்திருந்த மெஷினைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தால் வேர்க்கும், அதுவும் ஆறட்டும். கார்டை மாட்டி ஸ்க்ரூ போட்டபின், பவர் கனெக்டரை 'க்ளிக்' சத்தம் கேட்கும் வரை அழுத்துங்கள். கனெக்டரை ஒட்டியே ஒயரை மடிக்காதீர்கள், ஒன்றரை அங்குலமாவது நேராக வரட்டும். கார்டில் இரண்டு 8 பின் இருந்தால், ஒரே கேபிளின் இரண்டு தலையை மாட்டாமல் இரண்டு தனிக் கேபிள் போடுவது நல்லது.

ஆன் செய்துவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். பக்கத்திலேயே உட்காருங்கள். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு சூடு தெரியும். பத்து நிமிடம் சும்மா ஓடட்டும். பிறகு ஒரு சின்ன வீடியோவை ரெண்டர் போட்டுப் பாருங்கள். வேலை செய்யும்போது 65 முதல் 80 டிகிரி என்றால் நம்ம ஊர் வெயிலுக்கு அது சரியான அளவு. 85-க்கு மேலேயே நின்றால் பேஸ்ட்டோ ஃபேனோ பார்க்க வேண்டும். கருகல் வாசம் மறுபடி வந்தால், 'இன்னொரு தடவை தூசு தட்டலாம்' என்ற யோசனைக்கே இடமில்லை. அணைத்துவிட்டு கார்டைக் கழற்றிவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் நன்றாக இருந்து, பிராசஸரிலேயே டிஸ்ப்ளே வசதி இருந்தால் கார்டு இல்லாமலும் மெஷின் ஓடும். ரெண்டர் மெதுவாகப் போகும், ஆனாலும் வேலை நிற்காது. இன்டெல் பிராசஸர் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால் மட்டும் அந்த வசதி கிடையாது.

அரசு கொடுத்த லேப்டாப் வைத்திருக்கும் மாணவர்களுக்கு இந்தக் கழற்றல் மாட்டல் எல்லாம் தேவையில்லை. அவற்றில் பெரும்பாலும் தனிக் கார்டு இருக்காது. அணைத்துவிட்டு, காற்று வெளியேறும் ஓட்டையில் பிரஷ் போட்டால் போதும். பாயிலும் போர்வையிலும் வைத்து ஓட்டாமல் இருந்தாலே பாதிச் சூடு குறையும். கருகல் வாசமோ, அடிப்பக்கம் உப்பலோ தெரிந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். உப்பின லித்தியம் பேட்டரியைக் குத்தினாலோ அழுத்தினாலோ தீப்பிடிக்கும். வெள்ளிமலையிலிருந்து மலை இறங்கிவர ஒரு நாள் போய்விடும் என்பதற்காகப் பக்கத்துக் கடையில் கத்தியால் நெம்பிப் பார்க்கும் வேலை கூடாது.

வாரன்ட்டி காலத்தில் கனெக்டர் உருகியிருந்தால், வெட்டாமல், தேய்க்காமல், அப்படியே போட்டோ எடுத்து வையுங்கள். கார்டு, கேபிள், பில் மூன்றையும் சேர்த்துக் கடையில் கொடுத்து ரசீது வாங்குங்கள். 'தூசுனால போச்சு, வாரன்ட்டி கிடையாது' என்று வாயால் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கலாம்.